காதில் இருப்பது பாட்டு அல்ல

ஜனவரி 12, ஞாயிறு

முதல் ஆராதனை முடிந்ததும் நேராக மைதானம். இரண்டாம் டிவிஷன் லீக் ஆட்டம். ஒரு முனையில் நான் அம்பயர், எதிர் முனையில் இசக்கிப்பாண்டி. என்னைவிட இளையவர், பொறுமைசாலி.

மதியத்துக்குப் பிறகு ஒரு பந்து மட்டையைக் கடந்து கீப்பர் கைக்குப் போனது. ஸ்லிப்பில் நின்றவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். மட்டையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கேட்காததைக் கேட்டதாகச் சொல்ல முடியாது. நாட் அவுட் என்றேன். பேட்ஸ்மேன் அதற்குள் கையுறையைக் கழற்றிக்கொண்டு நாலடி நடந்துவிட்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். கீப்பர் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

டீ குடிக்கும்போது இசக்கி, "காத்து அண்ணாச்சி. இன்னைக்குக் காத்து அப்படி அடிக்கு" என்றார். காற்று அடித்தது உண்மை.

வீட்டுக்கு வந்து செய்தி பார்த்தேன். இப்போது செய்தி வாசிக்க வருகிறவர்களில் ஒருவருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை. மனைவி பியூலா வந்து டிவி சத்தத்தைக் குறைத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறதாம்.

ஜனவரி 14, செவ்வாய்

குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். ஒரு மாதமாகச் சொட்டுகிறதாம்.

ஜனவரி 17, வெள்ளி

டல்லாஸிலிருந்து மகள் ஷெரின் பேசினாள். வழக்கம்போல பியூலா போனை ஸ்பீக்கரில் போட்டு, ஷெரின் சொன்னதையெல்லாம் மறுபடி எனக்குச் சொன்னாள். ஒரு வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் எதற்கு என்று கேட்டேன். இருவரும் சிரிக்கவில்லை.

அங்கே மருந்துக் கடையில், தலைவலி மாத்திரை வாங்குவதுபோல, டாக்டர் சீட்டு இல்லாமலே காதுக் கருவி வாங்கலாமாம். பையன்கள் பாட்டுக் கேட்க மாட்டிக்கொள்ளும் இயர்பட் மாதிரியே இருக்குமாம். செல்போனில் நாமே காதைச் சோதித்து, நாமே ஒலியைச் சரிசெய்துகொள்ளலாமாம். ஷெரினுடன் வேலை பார்க்கிறவர் அடுத்த வாரம் மதுரைக்குக் கல்யாணத்துக்கு வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறாள்.

முதலில் ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்றாள் பியூலா. நான் டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். எந்த லைனில் இரைச்சல், எங்கே சிக்னல் குறைகிறது என்று கண்டுபிடிப்பதே என் வேலை. என் காதின் சிக்னலை நானே சரிசெய்ய மாட்டேனா? தவிர, இது சின்ன ஊர். சுகிர்தராஜ் காது டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார் என்ற செய்தி எனக்கு முன்னால் அம்பயர்கள் சங்கத்துக்குப் போய்ச் சேரும். காது கேட்காத அம்பயருக்கு யார் ஆட்டம் கொடுப்பார்கள்?

எனக்குக் காது கேட்காமல் இல்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

ஜனவரி 25, சனி

பெட்டி வந்துவிட்டது. கருநிறத்தில் அழகாக இருக்கிறது. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். அறுபத்திரண்டு வயது ஆள் பாட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது. அதுவும் நல்லதுதான், யாருக்கும் தெரியாது.

செல்போன் சோதனை வைத்தது. கீச்சென்று சத்தம் வரும்போதெல்லாம் திரையைத் தொட வேண்டும். வலது காது சுலபமாக முடிந்தது. இடது காதில் அது ரொம்ப நேரம் சும்மா இருந்தது. கடைசியில் ஏதோ எச்சரிக்கை காட்டியது. எந்தப் பொருளை வாங்கினாலும் எச்சரிக்கை இருக்கும், தீப்பெட்டியில்கூட இருக்கிறது. அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போட்டதும் ஃபேன் சத்தம் கேட்டது. நான் நடக்கும்போது என் வேட்டி உரசுவது கேட்டது. பேப்பரைத் திருப்பினால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி. முற்றத்தில் அணில் கத்துவதை நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "என்ன பாக்கீங்க?" என்று பியூலா உள்ளேயிருந்து கேட்டாள். உள்ளேயிருந்து! "அணில்" என்று பதில் சொன்னேன். அவள் வெளியே வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷெரினுக்கு நன்றி சொல்லி மெசேஜ் அனுப்பினேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கோயிலுக்குக் கருவியோடு போனேன். போதகர் பிரசங்கத்தில் பாதி நன்றாகவே கேட்டது. அதற்குள் ஆலயப் பணிவிடைக்காரர் குனிந்து என் காதுக்கருகில் வந்து, "காதுல உள்ளதக் கழத்திருங்க அண்ணாச்சி. பிள்ளைங்க பாக்கும்" என்றார்.

நான் பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். அது காதுக் கருவி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பியூலா பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 1, சனி

கருவியோடு முதல் ஆட்டம். தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டேன், ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் திறந்த மைதானத்தில் காற்று அடித்தால் காதுக்குள் லாரி ஓடுகிறது. பத்து ஓவருக்குப் பிறகு இடது காதில் இருந்ததைக் கழற்றிவிட்டேன். அதில் வெறும் இரைச்சல்தான் வருகிறது. கருவியின் குறைபாடு. ஷெரினிடம் சொல்லி மாற்றித் தரச் சொல்லலாம்.

கருவி போடாதபோதும் அந்த இரைச்சல் இருக்கிறது. அது வேறு விஷயம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது ரோட்டைக் கடக்க இறங்கினேன். பியூலா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். தோள்பட்டைத் தையல் விட்டுவிட்டது. இடதுபக்கச் சந்திலிருந்து வந்த பைக் ஒன்று என் காலை உரசினாற்போலப் போனது. ஓட்டியவன் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

சிதறிய கத்தரிக்காய்களைப் பொறுக்கினோம். பிறகு மருந்துக் கடை நிழலில் நின்று பியூலா பேசினாள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

"ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் வந்தான். உங்களுக்குக் கேக்கல."

கருவி வீட்டில் இருக்கிறது, போட்டிருந்தால் கேட்டிருக்கும் என்றேன்.

"போட்டாலும் இடது காதுல கேக்காது. எனக்குத் தெரியும். ரெண்டு வருசமா நான் உங்களுக்கு வலப்பக்கமாத்தான் நடக்கேன். கோயில்ல வலப்பக்கம் உக்காருதேன். கல்யாணப் பந்தியில வலப்பக்கம். நீங்க கவனிக்கவே இல்ல."

நான் கவனிக்கவில்லைதான்.

"ஒரு காது மட்டும் மோசமா இருந்தா, ஒரு காதுல மட்டும் இரைச்சல் கேட்டா, இதப் போடாம முதல்ல டாக்டரப் பாருன்னு பெட்டியிலயே போட்டுருக்கு. நீங்களும் படிச்சிருப்பீங்க."

தோளில் விட்டிருந்த தையலை இழுத்து மூடிக்கொண்டேன்.

"சங்கத்துல ஆட்டம் தராட்டா போறாங்க. எனக்கு ஆளு வேணும்."

வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

வண்ணார்பேட்டையில் மாடியில் இருக்கிறது அந்த இடம். கேட்கும் திறனைச் சோதிக்கிறவர் பெயர் நஸ்ரின் பாத்திமா. ஷெரின் வயதுதான் இருக்கும். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். வெளிச் சத்தம் எதுவும் நுழையாத அறை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எக்ஸ்சேஞ்சில் நாங்கள் லைன் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். இங்கே நானே லைன்.

பிறகு வாயை மறைத்துக்கொண்டு சொற்களைச் சொன்னார். திருப்பிச் சொல்ல வேண்டும். வலது காதில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் சரி. இடது காதில் பழம் என்றது எனக்குப் படம் என்று கேட்டது. மாலை என்றது மாடு என்று கேட்டது. அப்புறம் சொல்லே கேட்கவில்லை, ஏதோ ஒன்று வந்து போவது மட்டும் தெரிந்தது. நானாக எதையோ சொன்னேன். நஸ்ரின் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் பியூலா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

அமெரிக்கக் கருவியை எடுத்துக் காட்டினேன். குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"ரெண்டு காதும் ஒரே மாதிரி, கொஞ்சமா குறைஞ்சிருந்தா, இது போதும் சார்னு நானே சொல்லி அனுப்பிருப்பேன். என் மாமனார் இந்த மாதிரி ஒண்ணுதான் போட்டுருக்காங்க. ஆனா உங்களுக்கு ரெண்டு காதுக்கும் வித்தியாசம் ரொம்ப இருக்கு. அது ஏன்னு தெரியாம நான் எந்த மெஷினும் தர மாட்டேன்."

ஏன் இருக்கும் என்று கேட்டேன். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்றார். அதைச் சொல்லும்போது பியூலாவைப் பார்த்தார்.

பிப்ரவரி 8, சனி

காது மூக்கு தொண்டை டாக்டர் கோமதிநாயகம். காதுக்குள் விளக்குப் போட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். அழுக்கு இல்லை, சவ்வு நன்றாக இருக்கிறது என்றார். ஒரு பக்கம் மட்டும் இப்படிக் குறைந்தால் காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சின்னக் கட்டி இருக்க வாய்ப்புண்டு. அபூர்வம்தான், இருந்தாலும் பார்த்துவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

நாளை ஆட்டத்துக்கு வரமுடியாது, வீட்டில் விசேஷம் என்று இசக்கியிடம் சொன்னேன். என்ன விசேஷம் என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தென்னைக்குப் பாத்தி கட்டினேன். பியூலா சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

பீரோச் சாவி, பேங்க் லாக்கர் சாவி, வீட்டுப் பத்திரம் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பியூலாவிடம் காட்டினேன். பொதுவாகவே தெரிந்திருப்பது நல்லது. எல்லாம் தெரியும், போய்க் குளியுங்கள் என்றாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். கல்யாணத்தன்று போட்டது, வரமாட்டேன் என்றது. பியூலா கழிப்பறையிலிருந்து சோப்பு கொண்டுவந்து தேய்த்து உருவினாள். நழுவிவிடக் கூடாதென்று தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள்.

குழாய்க்குள் தள்ளி அசையாமல் படுக்கச் சொன்னார்கள். ரோடு போடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் படுத்த மாதிரி சத்தம். காது கேட்காதவனைச் சோதிக்க இவ்வளவு சத்தமா என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. அசையக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாகவே நின்றுவிட்டது. சங்கீதம் இருபத்துமூன்றை மனத்துக்குள் சொன்னேன். பாதியில் மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். இதுவரை எனக்கு அது மறந்ததே இல்லை.

முடிவு வியாழக்கிழமை. ஷெரினிடம் சொல்ல வேண்டாம் என்றேன். பியூலா சரி என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் ஒரு கோட்டைக் காட்டி, "நரம்பு சுத்தமா இருக்கு. கட்டி கிட்டி எதுவும் இல்ல" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வலது காதில் நன்றாகவே கேட்டிருந்தது. இருந்தாலும் சொல்லச் சொன்னேன். அவரும் சொன்னார்.

உள்காதில் எப்போதோ ஏதோ ஒரு வைரஸ் வந்து போயிருக்கலாம் என்கிறார். உறுதியாகச் சொல்ல முடியாதாம். போனது திரும்பாது, ஆனால் மிச்சம் இருப்பதை வைத்து நன்றாகக் கேட்கலாம், கருவி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். போனது போகட்டும். காது போனால் என்ன.

கீழே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பியூலா ஏறவில்லை. பார்த்தால் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். இந்த நாலைந்து நாளும் அவள் அழுது நான் பார்க்கவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிரே சர்பத் கடை இருந்தது, கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கொரு நன்னாரி சர்பத் குடித்தோம். அவள் இன்னொன்று கேட்டாள். சர்க்கரை இருக்கிறது என்று எனக்கு ஒன்றோடு நிறுத்திவிட்டாள். அப்போதுதான் உலகம் பழையபடி ஆகிவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஷெரினைக் கூப்பிட்டுச் சொன்னோம். முதலில் ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டாள். பிறகு, கடையில் ஏதோ ஒன்றை வாங்கி அனுப்பி விஷயத்தையே மறைத்திருப்பேனே அப்பா என்று அழுதாள். நான் சொன்னேன், "நீ அனுப்புனதாலதான் எனக்கு அணில் கேட்டுச்சு. கேக்காதது எவ்வளவுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது." அது சமாதானத்துக்குச் சொன்னது இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் தூங்கினோம். எழுந்தபோது விளக்கு வைக்கிற நேரம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மறுபடி நஸ்ரின். இந்தத் தடவை மேஜையில் கருவிகள் இருந்தன. என்னுடைய அமெரிக்கக் கருவி ஒன்று. அதே மாதிரி இயர்பட் வடிவில், ஆனால் காதுச் சோதனையைப் பார்த்து அவரே அளவு வைத்துத் தரும் கருவி ஒன்று. காதுக்குப் பின்னால் மாட்டுவது ஒன்று.

முதலில் என் கருவியையே போட்டு, காதுக்குள் நூல் மாதிரி ஒரு மெல்லிய குழாயை விட்டு, உள்ளே எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று கம்ப்யூட்டரில் அளந்தார். வலது காதில் தேவையான அளவுக்குப் பக்கத்தில் வந்தது. இடது காதில் பாதிகூட எட்டவில்லை. என்னதான் செல்போனில் கூட்டினாலும் அதற்கு மேல் அதற்குச் சக்தி இல்லை. நான் கோளாறு என்று நினைத்தது கோளாறு இல்லை, அந்தக் காதுக்காகச் செய்யப்பட்ட பொருளே அல்ல அது.

வலதுக்கு இதையே வைத்துக்கொண்டு இடதுக்கு மட்டும் வேறு வாங்கலாமா என்று கேட்டேன். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது என்றார். சந்திலிருந்து வந்த பைக்கைப் பியூலா அவரிடம் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம்.

காதுக்குப் பின்னால் மாட்டுவதில் சக்தி இன்னும் அதிகம். போட்டுப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடிக் காம்பும் அதுவும் இடித்துக்கொண்டன. மேலே தொப்பியையும் வைத்தால் நாள் முழுக்க நிற்க முடியாது. இயர்பட் மாதிரி இருந்தது இடது காதின் தேவைக்குச் சரியாக எட்டியது. இன்னும் குறைந்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார். காற்றுச் சத்தத்தை அடக்க அதில் தனி ஏற்பாடு இருக்கிறது. விலையை மெதுவாகத்தான் சொன்னார். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பியூலா, "எடுத்துக்கங்க" என்றாள்.

"இது பழைய காதத் திருப்பித் தராது சார்" என்றார் நஸ்ரின். "இடது காதுல சொல்லு தெளிவா வர நாளாகும். மூளை பழகணும். கழத்திப் பெட்டியில வச்சிட்டா பழகாது. குறை இருந்தா இங்க வாங்க, நான் திருத்தித் தாரேன்."

நானே திருத்திக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒரு மாதம் போட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

பிப்ரவரி 22, சனி

தட்டு, கரண்டி, பிரஷர் குக்கர். எல்லாம் போர்க்களம் மாதிரி இருக்கிறது. இரண்டு தடவை கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நஸ்ரினிடம் போய்ப் பாத்திரச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வந்தோம். இப்போது பரவாயில்லை. நன்றாகவே இருக்கிறது.

மார்ச் 1, சனி

டாஸுக்கு முன் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டேன். தொப்பியைக் கழற்றினேன். "தம்பி, காதுல இருக்கது பாட்டு இல்ல. காது கேக்க மாட்டேங்குன்னு மெஷின் போட்டுருக்கேன். ஆட்சேபம் இருந்தா இப்பமே சொல்லிருங்க" என்றேன். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. அங்கே தொப்பியை நாலு தடவை கையில் சுற்றிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

ஒரு பையன் தலையாட்டினான். இன்னொருவன், "அப்ப இனிமே நாங்க உங்களப் பத்திப் பேசுறது கேக்குமா சார்?" என்று கேட்டான். கேட்கும் என்றேன். அவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா இத்தனை நாள் ஒளித்தேன்.

சங்கச் செயலாளரிடமும் சொன்னேன். கண்ணாடி போடுகிற அம்பயர் நாலு பேர் இருக்கிறார்கள், காதுக்குப் போட்டால் என்ன என்றார். அடுத்த சனிக்கிழமை ஆட்டமும் எனக்குத்தான்.

நாள் முழுக்க மட்டையில் உரசிய பந்து ஒன்றுகூட வரவில்லை. இரண்டு எல்.பி.டபிள்யூ, ஒரு ரன் அவுட். எல்லாம் கண்ணுக்குத்தான் வேலை.

மாலையில் ஸ்டம்பைப் பிடுங்கும்போது இசக்கி பக்கத்தில் வந்தார். "எனக்கும் ரெண்டு காதும் கொஞ்சம் மந்தமா இருக்கு அண்ணாச்சி. வீட்ல சொல்லல" என்றார். நஸ்ரினின் முகவரியைக் கொடுத்தேன். முதலில் சோதனை, அவர் போதும் என்று சொன்னால் அமெரிக்கக் கருவி என் அலமாரியில் சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்றேன். இடது காதில் ஏதாவது இரைச்சல் உண்டா என்றும் கேட்டுக்கொண்டேன். இல்லையாம். நல்லது.

மார்ச் 5, புதன்

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுப்படியில் பியூலா முருங்கைக்கீரை உருவுகிறாள். கருவி வந்த பிறகு ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். அவள் வேலை செய்யும்போது பேசிக்கொண்டே இருக்கிறாள். சத்தமாக இல்லை, தனக்குத்தானே, ஆனால் முழு வாக்கியமாக. எனக்குக் கேட்காது என்று பழகிய பழக்கம்.

சற்று முன் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்ட மனுஷனைப் பற்றிச் சொன்னாள். கீரை விற்கிறவளின் ஏமாற்று வேலையைச் சொன்னாள். பிறகு, "நல்லவேள ஆண்டவரே, இந்த மனுசன எனக்கு விட்டுவச்சீரே" என்றாள். உடனே முருங்கைக் காம்பைப் பற்றி ஏதோ தொடர்ந்தாள்.

எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டும் கேளாததுபோல இருந்துவிடலாம். ஆனால் அது ஒட்டுக் கேட்பதாகிவிடும்.

"துண்டக் காயப்போடுதேன்" என்றேன்.

அடுப்படியில் கை நின்றது.

"உங்களுக்கு அங்க வரைக்கும் கேக்குதா?"

"கேக்கு."

"எப்ப இருந்து?"

"போன வாரம் செவ்வாய்க்கிழம நஸ்ரின் திருத்திக் கொடுத்ததுல இருந்து."

எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். மடியெல்லாம் கீரை. எதையோ கணக்குப் பார்ப்பவள்போல என்னையே பார்த்தாள்.

"அப்ப முந்தாநாள் உங்க அக்காவப் பத்திச் சொன்னது?"

"அதுவும் கேட்டுச்சு."

மடியிலிருந்த கீரையைச் சேர்த்துப் பிடித்தாள். "அது உண்மதான?" என்றாள்.

உண்மைதான். ஒத்துக்கொண்டேன்.